அம்மா சாப்பிடாமல் வைத்திருந்த மாத்திரைகள்

சென்ற ஆண்டு தை மாதம் ஒரு காலையில் அம்மாவுக்குப் புடவைக் கொசுவம் வைக்க வரவில்லை. ஐம்பது ஆண்டுகளாகப் பார்க்காமலே வைத்துப் பழகிய கொசுவம். அன்று நான்காவது மடிப்புக்கு மேல் வலது கை விரல்கள் துணியைப் பிடிக்க மறுத்தன. "ராத்திரி ஒருக்களிச்சுப் படுத்ததுல கை மரத்துப்போச்சு" என்று அவரே ஒரு காரணத்தைச் சொல்லிக்கொண்டார். சித்தி வாயுப் பிடிப்பு என்று தைலம் தேய்த்துவிட்டார். மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது வாய் ஒரு பக்கமாக இழுத்ததைப் பார்த்த பிறகுதான் நாங்கள் வண்டி பிடித்தோம். மூளைக்குச் செல்லும் ரத்தக் குழாயில் அடைப்பு என்று ஸ்கேன் காட்டியது. அந்த அடைப்பைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்; நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஏழு மணி நேரம் கடந்திருந்தது.

சேர்க்கும்போது அவருடைய ரத்த அழுத்தம் 204/112. "பிரஷர் மாத்திரை சாப்பிடுறாங்களா?" என்று மருத்துவர் கேட்டபோது, நானும் தம்பியும் ஒரே குரலில், "ஆமாம், நாலு வருஷமா சாப்பிடுறாங்க" என்றோம். அந்தப் பதிலை நாங்கள் முழுமையாக நம்பினோம். இரண்டு நாள் கழித்துக் காப்பீட்டு அட்டையைத் தேடி வீட்டு அலமாரியைக் குடைந்தபோது, ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் பிரிக்கப்படாத மாத்திரை அட்டைகள் கிடைத்தன. எண்ணிப் பார்த்தேன்: ஏழு முழு அட்டைகள், நான்கு மாத்திரைகள் மிஞ்சிய ஒரு அட்டை, ஆக எழுபத்து நான்கு மாத்திரைகள், அம்லோடிபின் என்ற பிரஷர் மருந்து.

பேச்சு ஓரளவு திரும்பிய பிறகு அம்மா சொன்ன காரணம் என்னை இன்றுவரை விடவில்லை. மாத்திரை சாப்பிடத் தொடங்கிய சில மாதங்களில் அவருக்கு மாலை நேரங்களில் கணுக்கால் வீங்கியிருக்கிறது. பிரஷர் மாத்திரை கிட்னியைக் கெடுத்துவிடும் என்று அக்கம்பக்கத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். கால் வீக்கம் கிட்னி கெட்டுப்போனதன் அடையாளம் என்று அவர் முடிவுசெய்து, மாத்திரையை நிறுத்திப் பார்த்தார், வீக்கம் வடிந்தது, தலைவலியோ மயக்கமோ வரவில்லை. தான் கண்டுபிடித்தது சரி என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? எங்களிடம் சொன்னால் திட்டுவோம் என்பதால் மாதாமாதம் மாத்திரையை வாங்கிவந்து டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார்.

அம்லோடிபின் கணுக்கால் வீக்கத்தை உண்டாக்கும் என்பது மருத்துவத்தில் எல்லோரும் அறிந்த செய்தி. மெல்லிய ரத்த நாளங்களை அது தளர்த்திவிடுவதால் நீர் கசிந்து காலில் இறங்குகிறது. சிறுநீரகத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. அளவைக் குறைத்தாலோ, டெல்மிசார்டன் போன்ற இன்னொரு மருந்தைச் சேர்த்தாலோ, மருந்தையே மாற்றினாலோ பெரும்பாலும் சரியாகிவிடும். சிறுநீரகத்தை மெல்ல மெல்ல அழிப்பது கவனிக்கப்படாத ரத்த அழுத்தம்தான். இந்த விளக்கத்துக்கு இரண்டு நிமிடம் போதும். நான்கு ஆண்டுகளில் அந்த இரண்டு நிமிடத்தை அம்மாவுக்கு யாரும் கொடுக்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. கூட்டத்துக்கு நடுவே மாத்திரைச் சீட்டு எழுதும் மருத்துவர் மீது அந்தக் குறையை முழுவதும் போடவும் எனக்கு மனம் வரவில்லை.

அதன்பிறகு இந்த நோய்களைப் பற்றித் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். இதயநோய், பக்கவாதம், புற்றுநோய், நாள்பட்ட நுரையீரல் நோய், நீரிழிவு முதலிய தொற்றா நோய்களால் 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகில் குறைந்தது 4 கோடியே 30 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அவர்களில் 1 கோடியே 80 லட்சம் பேர் எழுபது வயதை எட்டாதவர்கள். அப்படி முன்னதாகவே போனவர்களில் நூற்றுக்கு 82 பேர் ஏழை நாடுகளையும் நடுத்தர வருமான நாடுகளையும் சேர்ந்தவர்கள். ரத்த அழுத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், 2019ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி 30 முதல் 79 வயதுக்குள் 128 கோடிப் பேருக்கு அது அதிகமாக இருந்தது. கிட்டத்தட்டப் பாதிப்பேருக்குத் தமக்கு அது இருப்பதே தெரியாது. கட்டுப்பாட்டில் வைத்திருந்தவர்கள் ஐவரில் ஒருவர். டப்பாவில் மாத்திரையைச் சேர்த்து வைத்தவர் என் அம்மா மட்டும் அல்லர் என்பதை அந்தக் கணக்கு எனக்குச் சொன்னது.

இத்தனைக்கும் இது விலையுயர்ந்த சிகிச்சை தேவைப்படும் நோய் அன்று. மருந்துகள் பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் உள்ளவை, காப்புரிமை முடிந்தவை, மிகவும் மலிவானவை. ரத்த அழுத்த அளவின் இரண்டு எண்களில் முதலில் சொல்லப்படும் மேல் எண்ணைப் பத்துப் புள்ளி குறைத்தாலே பக்கவாதத்தின் வாய்ப்பு நான்கில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகவே குறைகிறது என்று, ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளைத் திரட்டி 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. மருந்து இருக்கிறது, அது வேலை செய்கிறது, விலையும் கட்டுப்படியாகிறது. ஆனாலும் ஐவரில் நால்வருக்கு அழுத்தம் அடங்கவில்லை. அப்படியானால் சிக்கல் மருந்துக்கும் மனிதருக்கும் இடையில் இருக்கும் தூரத்தில் கிடக்கிறது. பேருந்து, வரிசை, ஒரு நாள் கூலி, சொல்லத் தயங்கும் பக்கவிளைவு, வலிக்காத ஒன்றுக்கு ஏன் மருந்து என்ற நியாயமான கேள்வி ஆகியவை எல்லாம் சேர்ந்த தூரம் அது.

அந்தத் தூரத்தைச் சுருக்கிய முயற்சிகளில் என் மனத்தை அதிகம் தொட்டது, லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் முடிதிருத்தும் கடைகளில் நடந்த ஒன்று. அமெரிக்காவில் கறுப்பின ஆண்களிடையே உயர் ரத்த அழுத்தமும் அதனால் வரும் மரணங்களும் மிக அதிகம். மருத்துவமனைகள் மீது அவர்களுக்கு நம்பிக்கை குறைவு, அதற்கு வரலாற்றில் வலுவான காரணங்களும் உண்டு. ஆனால் முடிதிருத்துபவரிடம் அவர்கள் ஆண்டுக்கணக்கில் தவறாமல் போகிறார்கள். அங்கே ஊர்க்கதை பேசுகிறார்கள், குடும்பக் கவலைகளைச் சொல்கிறார்கள். ரொனால்ட் விக்டர் என்ற இதயநோய் மருத்துவர் இதைக் கவனித்து, 52 கடைகளில் 319 வாடிக்கையாளர்களைச் சேர்த்து ஓர் ஆய்வை நடத்தினார். ஒரு பகுதிக் கடைகளில் முடிதிருத்துபவரே அறிவுரை சொல்லி, மருத்துவரைப் பார்க்கும்படி வற்புறுத்தினார். மற்றப் பகுதிக் கடைகளுக்கு, பயிற்சி பெற்ற மருந்தாளுநர் ஒருவர் நேரில் வந்து, வாடிக்கையாளரின் மருத்துவரோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி அழுத்தத்தை அளந்து, மருந்து எழுதி, தேவைக்கேற்ப அளவைக் கூட்டவும் குறைக்கவும் செய்தார்.

2018இல் முடிவுகள் வெளிவந்தன. ஆறு மாதத்தில், மருந்தாளுநர் வந்த கடைகளில் மேல் எண் சராசரியாக 27 புள்ளி இறங்கியிருந்தது. அறிவுரை மட்டும் சொன்ன கடைகளில் 9 புள்ளி. 130/80க்குக் கீழே வந்தவர்கள் மருந்தாளுநர் பிரிவில் நூற்றுக்கு 64 பேர், அறிவுரைப் பிரிவில் 12 பேர் மட்டுமே. இரண்டு பிரிவுக்கும் அக்கறை ஒன்றுதான், முடிதிருத்துபவரின் நற்சொல்லும் ஒன்றுதான். ஒன்றில் மருத்துவம் நாற்காலிக்கே வந்தது. மற்றொன்றில் மனிதர் எழுந்து மருத்துவத்தைத் தேடிப் போக வேண்டியிருந்தது. "உப்பைக் குறை, நடைப்பயிற்சி செய், டாக்டரைப் போய்ப் பார்" என்று உறவினருக்கு அறிவுரை சொல்லிவிட்டுக் கடமை முடிந்ததாக நினைத்துக்கொள்ளும் என்னைப் போன்றவர்கள், அந்த இரண்டு எண்களையும் அடுத்தடுத்து எழுதிப் பார்ப்பது நல்லது.

நம்மூர்க் கதைக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கப்பட்டது. மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள், மாத்திரையைக் கையில் கொடுக்கிறார்கள். படுத்த படுக்கையில் இருப்பவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் வீட்டிலேயே கிடைக்கிறது. 2024இல் தொற்றா நோய்த் தடுப்புக்கான ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது இதற்குக் கிடைத்தது. இலங்கை, பாகிஸ்தான், வங்கதேசம் ஆகிய மூன்று நாடுகளின் கிராமங்களில் நடந்து 2020இல் வெளியான ஆய்வு ஒன்றும், பயிற்சி பெற்ற சமூக சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்குப் போய் அளந்து, பேசி, தேவைப்பட்டவர்களை மருத்துவரிடம் அனுப்பிவைத்தால் அழுத்தம் கூடுதலாக ஐந்து புள்ளி இறங்குகிறது என்று காட்டியது. ஐந்து என்பது ஒருவருக்குச் சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஒரு மாவட்டம் முழுவதும் இறங்கினால் எத்தனை வீடுகளில் கொசுவம் வைக்கும் கை தப்பும் என்று எண்ணிப் பாருங்கள்.

இப்போது எங்கள் வீட்டுக்கு வரும் தன்னார்வலர் அம்மாவைவிடப் பதினைந்து வயது இளையவர். அம்மா அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், அவர் அம்மாவை "அக்கா" என்கிறார். போன மாதம் வந்தபோது அழுத்தத்தை அளப்பதற்கு முன்பே, "அக்கா, பழைய அட்டையைக் காட்டுங்க" என்று கேட்டு வாங்கி, காலியான குழிகளை விரலால் எண்ணினார். இரண்டு மாத்திரை மிச்சம் இருந்தது. "என்னைக்கு விட்டுப்போச்சு?" என்று கேட்டாரே தவிரக் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. பேத்தி காதுகுத்துக்குப் போன இரண்டு நாளும் மாத்திரையை எடுத்துப் போக மறந்துவிட்டதாக அம்மா சொன்னார். அப்போதே ஒரு அட்டையைப் பாதியாக வெட்டி, அம்மாவின் சுருக்குப்பையில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். என் அனுபவத்தில் நான் பார்த்த மிகச் சிறந்த மருத்துவச் செயல்களில் ஒன்று அது.

வீட்டில் அளக்கும் பழக்கத்தையும் இந்த ஓர் ஆண்டில் ஏற்படுத்திக்கொண்டோம். முதலில் நாங்கள் அளந்த விதமே தவறு. அம்மா அடுப்படியிலிருந்து வந்து உட்கார்ந்த உடனே, ரவிக்கைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றி, பக்கத்தில் நின்று பேசிக்கொண்டே அளந்தோம். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு எண் வந்தது. காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு வர வேண்டும். முதுகைச் சாய்த்து, பாதம் இரண்டும் தரையில் பதிய, கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் பேச்சில்லாமல் உட்கார வேண்டும். பட்டை வெறும் தோலின் மீது, நெஞ்சின் மட்டத்தில் இருக்க வேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். இப்போது அம்மா அந்த எண்ணைத் தினசரி நாட்காட்டித் தாளில் ராகுகாலத்துக்குப் பக்கத்தில் தானே எழுதுகிறார், இடது கையால். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது கிழித்த தாள்களைக் கட்டி எடுத்துப் போகிறோம். மருந்தை மாற்றலாமா என்று தீர்மானிக்க, அவசரமாக எடுத்த ஒற்றை எண்ணைவிட அந்தக் கட்டுத்தான் பயன்படுகிறது என்று மருத்துவரே சொன்னார்.

உப்பைப் பற்றியும் எழுத வேண்டும். ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு சேர்த்துக்கொள்வது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. உலகச் சராசரியோ ஏறக்குறைய அதைப் போல இரண்டு மடங்கு. எங்கள் வீட்டில் எவ்வளவு என்று அறிய ஒரு வழி தோன்றியது. புதிய ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைப் பிரித்த தேதியை அதன் மீதே எழுதி வைத்தேன். மூன்று பேர் உள்ள வீட்டில் அது 27 நாளில் தீர்ந்தது. கழுவியதிலும் கொட்டியதிலும் கொஞ்சம் போயிருக்கும். ஆனாலும் தலைக்கு 12 கிராம். கடையில் வாங்கிய ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர் எதுவும் அந்தக் கணக்கில் இல்லை.

உப்பு எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்துத்தான் அதைக் குறைக்கும் வழியும் அமைகிறது. இங்கிலாந்தில் மக்கள் உண்ணும் உப்பில் பெரும்பகுதி ரொட்டியிலும் பதப்படுத்திய உணவிலும் ஒளிந்திருந்ததால், 2003 முதல் அரசாங்கம் தொழிற்சாலைகளுக்கு இலக்குகள் வைத்து ஆண்டுக்கு ஆண்டு சிறிது சிறிதாகக் குறைக்கச் செய்தது; 2011க்குள் சராசரி 9.5 கிராமிலிருந்து 8.1 கிராமுக்கு இறங்கியது. உண்பவரின் நாக்குக்குத் தெரியாமலே நடந்த மாற்றம் அது. சீனக் கிராமங்களில் நிலைமை வேறு. நம்மைப் போலவே அங்கும் உப்பு அடுப்படியில், சமைப்பவரின் கையிலிருந்து விழுகிறது. அங்கே 600 கிராமங்களில் ஏறக்குறைய 21,000 பேரிடம் நடந்த ஆய்வில், பாதிக் கிராமங்களுக்குச் சாதாரண உப்புக்குப் பதிலாக, நான்கில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைக் கொடுத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஏற்கனவே பக்கவாதம் கண்டவர்கள். ஐந்தாண்டுக் கண்காணிப்பின் முடிவில் பக்கவாதம் 14 சதவீதமும் இறப்பு 12 சதவீதமும் குறைந்திருந்தன என்று 2021இல் அறிவித்தார்கள். சிறுநீரக நோய் உள்ளவர்களும், உடலில் பொட்டாசியத்தைத் தேக்கும் மருந்துகளைச் சாப்பிடுபவர்களும் அந்த உப்பைத் தாமாக வாங்கிப் பயன்படுத்தக் கூடாது. அம்மா சாப்பிடும் டெல்மிசார்டன் அந்த வகை மருந்து என்பதால் நாங்கள் அதன் பக்கம் போகவில்லை. உப்பு டப்பாவில் இருந்த பெரிய கரண்டியை எடுத்துவிட்டுச் சிறிய கரண்டியைப் போட்டோம், தயிர் சாதத்துக்கு உப்புப் போடுவதை நிறுத்தினோம், அப்பளத்தை ஞாயிறுக்கு ஒத்திவைத்தோம். முதல் இரண்டு வாரம் தம்பி குழம்பைக் குறை சொன்னான். ஆறாவது வாரம் வெளியே சாப்பிட்டு வந்து, ஓட்டலில் உப்பு அதிகம் என்றான். இப்போது பாக்கெட் 41 நாள் வருகிறது.

ஓர் ஊரே சேர்ந்து மாறியதற்குப் பின்லாந்தின் வடக்குக் கரேலியா மாகாணம் சாட்சி. 1970 வாக்கில் அங்கே நடுத்தர வயது ஆண்கள் மாரடைப்பால் இறந்த விகிதம் உலகிலேயே மிக அதிகம். மக்கள் பிரதிநிதிகள் அரசுக்கு மனு எழுதினார்கள். 1972இல் பெக்கா புஸ்கா என்ற, முப்பது வயதுகூட நிரம்பாத மருத்துவரின் தலைமையில் பணி தொடங்கியது. ரொட்டியில் வெண்ணெயைத் தடவித் தின்பதும் புகைப்பதும் அந்த மரம் வெட்டும் மக்களின் வாழ்க்கையோடு கலந்தவை. புஸ்காவின் குழு மருத்துவமனை கட்டவில்லை. 'மார்த்தா' என்ற இல்லத்தரசிகளின் அமைப்போடு சேர்ந்து ஊர் ஊராகச் சமைத்துக் காட்டியது. ரத்த அழுத்தம் உள்ளவர்களின் பதிவேட்டைத் தொடங்கிச் செவிலியரைக் கொண்டு தொடர்ந்து பின்பற்றியது. மக்கள் வெண்ணெயைக் குறைப்பதால் பால்பண்ணைக்காரர்களின் பிழைப்பு கெடாதபடி பெர்ரிப் பழச் சாகுபடிக்கு வழி செய்தது. அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகளில், உழைக்கும் வயது ஆண்களின் இதயநோய் மரணம் அந்த மாகாணத்தில் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. இதில் பண்ணைக்காரர்களை மறவாமல் நினைத்த அந்த ஒரு செயலையே நான் மிகவும் மதிக்கிறேன்.

நம்முடைய திட்டத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. தன்னார்வலர் பகலில் வருகிறார். அப்போது வீட்டில் இருப்பவர்கள் பெண்களும் முதியவர்களும். என் தம்பி முப்பத்தொன்பது வயது கொத்தனார். காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போனால் இருட்டிய பிறகே வருவான். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தபோது அதே வார்டில் விளையாட்டாக அவனுக்கும் அளந்தார்கள்; 156/98. "ஆஸ்பத்திரி டென்ஷன்" என்று சொல்லிவிட்டான். அதன்பிறகு வீட்டில் மெஷினைக் கையில் எடுத்தாலே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான்.

லாஸ் ஏஞ்சலஸ் ஆய்வைப் படித்த வாரத்தில், எங்கள் தெருமுனைச் சலூன்காரரிடம் பேசினேன். அவர் தந்தைக்கும் பக்கவாதம் வந்திருந்ததாம். நான் சொல்லி முடிக்கும் முன்பே சரி என்றார். ஞாயிற்றுக்கிழமைதான் கூட்டம் அதிகம். காத்திருக்கும் பெஞ்சிலேயே ஐந்து நிமிட ஓய்வும் கிடைத்துவிடும் என்பதை அவர்தான் எடுத்துச் சொன்னார். முதல் ஞாயிறு பதினாறு பேருக்கு அளந்தோம். ஆறு பேருக்கு இரண்டு முறையும் 140/90க்கு மேல் இருந்தது; ஒரு நாள் அளவை வைத்து நோய் என்று சொல்லிவிட முடியாது என்பதை விளக்கி, எண்ணைத் தாளில் எழுதிக் கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொன்னோம். எங்களிடம் மருந்தாளுநர் இல்லை என்பதால் தாளோடு நிறுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. அறுவரில் இருவர்தான் போனார்கள் என்று பிறகு தெரிந்தது. அதைக் கேட்டுவிட்டு எங்கள் தன்னார்வலர், மாதத்தில் ஒரு ஞாயிறு தாமே வந்து பதிவு செய்துகொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

மூன்றாவது ஞாயிறு தம்பி முடி வெட்ட வந்தான். நான் அங்கே இருப்பது தெரிந்தும் திரும்பிப் போகவில்லை. சலூன்காரர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, "கையை நீட்டு மாப்ள" என்றார். அவன் நீட்டினான். 158, 100. ஒரு நிமிடம் விட்டு மறுபடி, 154, 98. எண்ணை எழுதிய தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், "கால் வீங்காத மாத்திரை இருக்குன்னு சொன்னியே, அதோட பேரு என்ன?" என்று கேட்டான்.